காப்பர் விலையை ஏற்றுவது யார்?

கேள்வி: போர்வெல் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங் கடையில் "காப்பர் ஏறிப்போச்சுங்க" என்று போன தடவையைவிட அதிகம் கேட்கிறார்கள். தூத்துக்குடி ஆலையை மூடியதால்தான் இந்த விலையா, இல்லை வியாபாரிகள் கூடிப் பேசி ஏற்றுகிறார்களா? – வாசகர், பல்லடம்

பதில்: கூடிப் பேசி காப்பர் விலையை ஏற்றும் சக்தி வைண்டிங் கடைக்காரருக்கு இருந்தால், அவர் ஏனுங்க வேகாத வெயிலில் உங்கள் தோட்டத்தில் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு நிற்கப்போகிறார்?

விலை முடிவாவது லண்டன் உலோகச் சந்தையில், டன்னுக்கு இத்தனை டாலர் என்று. நியூயார்க்கிலும் ஷாங்காயிலும் தனியாக வியாபாரம் நடக்கிறது. தூத்துக்குடி ஆலை 2018-ல் மூடப்பட்டது, ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்டது, அதனால் காப்பரை வெளியே விற்றுக்கொண்டிருந்த நாம் வாங்குகிறவர்களாக மாறினோம், எல்லாம் சரி. ஆனால் ஓடிய காலத்திலும் அது லண்டன் விலையை ஒட்டித்தான் விற்றது. பக்கத்து ஊர்க்காரர் என்று யாருக்கும் தள்ளுபடி கிடையாது.

சரி, லண்டனில் ஏன் ஏறி இறங்குகிறது? தக்காளி விலை ஏறினால் உடுமலைப் பக்கம் நான்கு பேர் கூடுதலாக நட்டு, மூன்றே மாதத்தில் விலையைத் தரையில் போட்டுவிடுவார்கள். காப்பரில் அது நடக்காது. பல சுரங்கங்களில் ஒரு டன் பாறையை உடைத்தால் பத்து கிலோகூடத் தேறாது, புதுச் சுரங்கம் ஒன்றைக் கண்டுபிடித்து உற்பத்திக்குக் கொண்டுவரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் சிலியில் ஒரு வேலைநிறுத்தம், பனாமாவில் 2023-ல் நடந்த மாதிரி ஒரு பெரிய சுரங்க மூடல் என்று வந்தால் ஈடுகட்ட ஆளில்லை. வாங்கும் பக்கமோ, உலகக் காப்பரில் பாதிக்கு மேல் சீனா ஒன்றே வாங்குகிறது. அங்கே வீடு கட்டுவது மந்தமானால் விலை சரியும், மின்சாரக் கார் அதிகம் ஓடினால் ஏறும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. நாளை என்ன ஆகும் என்று பந்தயம் கட்டுகிற பணம் ஒன்று இருக்கிறது. 2008 ஜூலையில் 8,000 டாலரைத் தாண்டி நின்ற விலை டிசம்பரில் 3,000-க்கும் கீழே போனது. அந்த ஐந்து மாதத்தில் பூமிக்குள் காப்பர் ஒன்றும் கூடிவிடவில்லை, அமெரிக்க வங்கிகள் கவிழ்ந்த பயம்தான். 2025 ஜூலையில் அமெரிக்கா காப்பருக்கு 50 சதவீத வரி என்று அறிவித்து, அப்புறம் சுத்திகரித்த காப்பருக்கு விலக்கு என்றதும், நியூயார்க்கில் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு விலை போயிற்று.

இதில் யாரும் கவனிக்காத இன்னொரு ஆள் நம் ரூபாய். 2011 தொடக்கத்திலும் லண்டனில் விலை 10,000 டாலர், 2021 மே மாதமும் ஏறக்குறைய அதே 10,000. முன்பு டாலர் சுமார் 45 ரூபாய், பின்பு 73. அதாவது அங்கே விலை ஏறாமலே, வரியும் கூலியும் சேர்ப்பதற்கு முன்பே, நமக்குக் கிலோ 450 ரூபாயிலிருந்து 730 ஆகிவிட்டது.

ஏறும்போது அன்றே ஏற்றுகிறவர்கள் இறங்கும்போது மட்டும் "பழைய ஸ்டாக்குங்க" என்று இழுப்பார்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் விடுகிற பணம் வேறு இடத்தில் இருக்கிறது. எரிந்த மோட்டாரிலிருந்து பிரித்த கம்பியும் காப்பர்தானே, புதுக் கம்பி ஏறினால் அதுவும் ஏறியிருக்கும். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு பில்லை மட்டும் கையில் வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம். கூலி பேசுவதற்கு முன்பே பழைய கம்பியை எடை போடச் சொல்லி, அன்றைய பழைய காப்பர் விலையைப் பக்கத்து இரும்புக்கடையில் கேட்டு, அதைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கம்பியை நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள்.