பாலக்காட்டுக் காற்று, கொச்சி ஈரம்: கண்காட்சிக்கு ஓவியங்களைக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். ஜனவரியில் எர்ணாகுளம் தர்பார் ஹாலில் நடக்கும் குழுக் கண்காட்சிக்கு என் ஓவியங்கள் 5 தேர்வாகியுள்ளன. எல்லாம் 3க்கு 4 அடி கேன்வாஸ். நான்கு அக்ரிலிக், ஒன்று 2 மாதம் முன்பு முடித்த ஆயில். வேனில் நானே கொண்டுபோக வேண்டும். எப்படிக் கட்டுவது? ஆயிலுக்கு வார்னிஷ் அடித்துவிடலாமா?

பதில்: வார்னிஷ் இப்போது வேண்டாம். தொட்டால் ஒட்டாவிட்டாலும் ஆயில் உள்ளே காய்ந்திருக்காது. மெல்லிய பூச்சுக்கு 6 மாதம், தடித்த பூச்சுக்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வார்னிஷ் வண்ணத்தோடு கலந்து, பின்னாளில் தனியே எடுக்க வராது.

கட்டும்போது பலரும் செய்யும் தவறு, பபிள் ஷீட்டை நேராக ஓவியத்தின் மேல் சுற்றுவது. அக்ரிலிக் ஒருவகை பிளாஸ்டிக்தான். வெயிலில் நின்ற வேனுக்குள் இளகிவிடும். குமிழ்கள் வட்ட வட்டமாகப் பதியும், பிரிக்கும்போது வண்ணம் உரிந்தும் வரும். ஷீட்டைத் திருப்பிச் சுற்றினாலும் ஒட்டத்தான் செய்யும். வண்ணத்தின் மேல் எதுவுமே படாமல் இருப்பதுதான் வழி. ஆசாரியிடம் 3 அங்குல ரீப்பரை (நீளமான மரப்பட்டை) நிறுத்தி, கேன்வாஸைவிடப் பக்கத்துக்கு 2 அங்குலம் பெரிதாக வெளிச்சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். கேன்வாஸின் பின்கட்டையை (துணியை இழுத்துக் கட்டியிருக்கும் மரச்சட்டம்) 4 இரும்புப் பட்டைகளால் அதில் திருகி நிறுத்தினால் ஓவியம் நடுவில் தொங்கும். முன்னால் ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். இருபுறமும் அட்டை, அதற்கு வெளியே பபிள் ஷீட். திருகு பின்கட்டையின் கனத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். முக்கால் அங்குலக் கட்டைக்கு அரை அங்குலத் திருகு போதும். நீளமான திருகு துணியைக் குத்திக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

பின்புறம் சன்பேக் ஷீட் (பிளாஸ்டிக் அட்டை) ஒன்றை அடித்துவிட்டால் துணி அதிர்வது வெகுவாகக் குறையும். வேனில் படுக்கப் போடாமல், வண்டி போகும் திசைக்கு இணையாக நிறுத்துங்கள். குறுக்கே நிறுத்தினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் துணி பறையாக அதிரும்.

இத்தனை செய்தும் கெடுவது காற்றால்தான். தை மாதம் பாலக்காட்டுக் கணவாயில் வீசும் கிழக்குக் காற்று காய்ந்தது. கொச்சியில் கடல் ஈரம். போய்ச் சேர்ந்ததும் பிரிக்காமல் 24 மணி நேரம் கூடத்திலேயே வையுங்கள். ஏசி வண்டியில் போயிருந்தால் இது கட்டாயம்; இல்லையென்றால் குளிர்ந்த பரப்பில் ஈரம் முத்து முத்தாகப் படியும். பிரித்ததும் கேன்வாஸ் சற்றுத் தொய்ந்திருக்கலாம். உடனே மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்காதீர்கள். கொச்சியில் இறுக்கிய துணி, திரும்பி வந்ததும் பாலக்காட்டின் வறண்ட காற்றில் மேலும் விறைத்து, மூலைகளில் வண்ணம் வெடிக்கும். ஆயிலுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

தர்பார் ஹால் கேரள லலிதகலா அகாதமியுடையது. ஆணி அடிக்க விடுவார்களா, தொங்குகம்பி உண்டா என்று அமைப்பாளரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். கொக்கி வளையங்களை மேலிருந்து கால் பங்கு உயரத்தில் இரண்டு பக்கமும் பொருத்துங்கள். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். கீழ் மூலைகளின் பின்னால் 1 செ.மீ. கனத்தில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடும். வெளிச்சுவராக இருந்தால் இதை விடவே கூடாது, ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

கட்டுவதற்கு முன் முன்புறம், பின்புறம், 4 மூலைகளையும் படம் எடுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒரு படம் எடுத்தால் பழைய வெடிப்பு தெளிவாகத் தெரியும். சேதம் யார் கையில் நேர்ந்தது என்ற பேச்சு வரும்போது இதுதான் சாட்சி. தலைப்பு, ஆண்டு, அளவை பின்கட்டையில் பென்சிலால் எழுதுங்கள். துணியின் பின்னால் மார்க்கரால் எழுதினால் மை முன்புறம் ஊறிவிடும். வெளிச்சட்டங்களைக் கூடத்தில் எறிந்துவிட்டு வராதீர்கள். திரும்பும்போதும் அவை வேண்டும்.