ஓடுகிற மாவு மில்லை விலைக்கு வாங்கக் கடன்: கேள்வி பதில்

கிராமத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மில், செக்கு போன்றவற்றை வாங்கப் பணம் புரட்டுவது பற்றி வந்த கேள்விகள் இவை. வங்கியில் சிறுதொழில் கடன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மணப்பாறை பக்கத்திலிருந்து: எங்க ஊர் மாவு மில் முதலாளி வயசாகிவிட்டதென்று விற்கிறார். கட்டடம் வாடகை. மெஷின், வாடிக்கை எல்லாம் சேர்த்து 9 லட்சம். பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் உண்டாமே, அதில் வாங்கலாமா சார்?

முடியாது தம்பி. அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கான திட்டம். புதுத் தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டமும் அப்படியே. அந்த 35 சதவீதமும் கிராமத்தில் பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. போன்ற பிரிவினருக்குத்தான், பொதுப் பிரிவுக்கு 25. "புது மெஷின் என்று கொட்டேஷன் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு ஏஜென்ட் வருவார். நம்பிவிடாதீர்கள். மானியம் கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாகவே கிடக்கும். நடுவில் நேரில் பார்க்க வருவார்கள். அங்கே பழைய மெஷின் இருப்பதைப் பார்த்தால் மானியம் போய்விடும், கடன் மட்டும் உங்கள் தலையில் நிற்கும்.

சிறுதொழிலுக்கு வங்கி தரும் முத்ரா கடனில் கேளுங்கள். 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். ஆனால் வங்கி 9 லட்சத்தைப் பார்க்காது. பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்ட் இன்ஜினியர்) பழைய மெஷினுக்கு என்ன மதிப்புப் போடுகிறாரோ அதைத்தான் பார்க்கும். 5 லட்சம் என்று வந்தால், அதில் முக்கால் பங்கு கிடைத்தாலே நல்லது. வாடிக்கைக்குச் சொல்லும் விலை உங்கள் கைக்காசு.

அவரே: மாதம் 60 ஆயிரம் நிற்கும் என்கிறார். கணக்கு நோட்டு இல்லை. எப்படிச் சரிபார்ப்பது?

நோட்டு எதற்கு? இரண்டு வருட கரன்ட் பில்லை எடுங்கள். அதைவிட நேர்மையான சாட்சி மாவு மில்லில் கிடையாது. 10 எச்.பி. மோட்டார் முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஏழரை யூனிட். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் ஓடுகிறது என்றால் 1,500 யூனிட்டுக்கு மேல் வரவேண்டும். நடுநடுவே நிறுத்துவார்கள், எப்போதும் முழு லோடு இருக்காது. சரி, பாதியே வைத்துக்கொள்ளுங்கள், 750. பில்லில் 300 இருந்தால் அந்த 60 ஆயிரம் வாய்க்கணக்கு.

எந்த மாத பில் என்றும் பாருங்கள். மாசியிலிருந்து சித்திரை வரை மிளகாய் வத்தல், மல்லி அரைக்கிற சீசன். அந்த வசூலைக் காட்டி 12-ஆல் பெருக்கிச் சொல்வது வழக்கமான வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரம் போய் உட்காருங்கள். எத்தனை தூக்குவாளி வருகிறது என்று தெரியும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்: வங்கி கொடுத்தது போக 3 லட்சம் குறைகிறது. 2 வட்டிக்கு வாங்கிப் போடலாமா?

2 வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். மாதம் 6,000 கட்டுவீர்கள், அசல் அப்படியே நிற்கும். வங்கியில் 5 லட்சத்தை 11 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 10,900, அதில் அசலும் கரையும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வையுங்கள். இல்லையென்றால் விற்பவரிடமே தவணை கேளுங்கள். பாதியை இப்போது, மீதியை இரண்டு வருடத்தில், முத்திரைத்தாளில் எழுதி. "அதெல்லாம் ஆகாது, மொத்தமாக வேண்டும்" என்று அவர் அவசரப்பட்டால் தன் மில் மேல் அவருக்கே எவ்வளவு நம்பிக்கை என்று யோசியுங்கள். ஒரு வருடம் குத்தகைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

காங்கேயத்திலிருந்து ஒரு சகோதரி: எண்ணெய்ச் செக்கு, இடத்தோடு வருகிறது. விற்பவருக்கு வங்கியில் கடன் இருக்கிறது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் போதுமா அண்ணா?

போதாதும்மா. வில்லங்கச் சான்றில் இடத்தின் மேலுள்ள பதிவுகள்தான் தெரியும். மெஷின் மேல் வாங்கிய கடன் அதில் வராது. அந்த வங்கியிடமிருந்து பாக்கி எவ்வளவு என்று கடிதம் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் வங்கி அந்தத் தொகையை நேராக அந்த வங்கிக்கே அனுப்பி மூலப்பத்திரத்தை வாங்கட்டும். அந்தப் பணம், விற்பவர் கை வழியாகப் போகவே கூடாது. இடத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதும் சட்டப்படி தப்பு. செக் அல்லது ஆர்.டி.ஜி.எஸ். போன்ற வங்கிப் பரிமாற்றம் மட்டும்.

அவரே: லைசென்ஸ் எல்லாம் அப்படியே நம் பேருக்கு வந்துவிடுமா?

வராது. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், ஜி.எஸ்.டி. பதிவு, உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு மூன்றும் உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். பாக்கி மட்டும் வந்துவிடும்! மொத்தத் தொழிலையும் கைமாற்றினால், அந்த நாள் வரையிலான ஜி.எஸ்.டி. பாக்கிக்கு விற்றவர், வாங்கியவர் இருவரும் பொறுப்பு. மின் கட்டணப் பாக்கியும் அப்படித்தான்; விதிகள் இடம் தந்தால் புது உரிமையாளரிடம் கேட்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தேனியிலிருந்து: விற்றுவிட்டு அவரே அடுத்த தெருவில் மில் போட்டால்?

நடப்பதுதான். 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு பொதுவாகத் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தை ஏற்காது. ஆனால் வாடிக்கையையும் நற்பெயரையும் சேர்த்து விற்றவரை, நியாயமான எல்லைக்குள் அதே தொழில் செய்யாதிருக்கக் கட்டுப்படுத்தலாம். அதனால் வாடிக்கைக்குக் கொடுக்கும் தொகையை ஒப்பந்தத்தில் தனியாகக் காட்டி, எந்தெந்த ஊர் எல்லை என்று பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள். வக்கீல் ஃபீஸில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.