பசுமைக்கு யார் பில் கட்டுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேர்ந்துபோன கேள்விகளில் முக்கால்வாசி துணியைச் சுற்றியே இருந்ததால், இந்த முறை அவற்றை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், அதனால் யார் பெயரும் இல்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் சீசனுக்குச் சீசன் புதுசாக ஒரு சர்ட்டிஃபிகேட் கேட்கிறார், ஆனால் பீஸ் விலையைப் போன வருஷத்தைவிடக் குறைக்கச் சொல்கிறார். இது என்ன நியாயம்?

உங்கள் காஸ்டிங் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், டிரிம்ஸ், கார்ட்டன் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஷீட்டில் தனி வரி (லைன்) இருக்கும். ஆடிட் ஃபீஸுக்கு அப்படி ஒரு லைன் இருக்கிறதா? ஆர்கானிக் நூல் என்றால் ஷிப்மென்ட்டுக்கு ஷிப்மென்ட் எடுக்க வேண்டிய டிசிக்கு (டிரான்சாக்ஷன் சர்ட்டிஃபிகேட்)? அந்தப் பேப்பர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளின் சம்பளத்துக்கு? எல்லாம் ஓவர்ஹெட் (பொதுச் செலவு) என்ற ஒரே வரியில் போய் ஒளிந்துகொள்கிறது, பேரத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான்.

பையருக்கு இது ரொம்ப வசதி. அவர் ஊர்ச் சட்டமும் பத்திரிகைகளும் அவரைக் கேள்வி கேட்கின்றன, அவர் அதே கேள்வியை ஒரு படிவமாக்கி உங்களிடம் தள்ளிவிடுகிறார், நீங்கள் சாயப்பட்டறைக்குத் தள்ளுகிறீர்கள், பட்டறைக்காரர் கெமிக்கல் சப்ளையரிடம் ஒரு கடிதம் வாங்கி ஃபைலில் போடுகிறார். பொறுப்பு கீழே இறங்கிக்கொண்டே போகிறது, காசு மட்டும் இறங்குவதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத இறக்குமதி வரி போட்டபோதும் இதைத்தான் பார்த்தோம். வரி போட்டது அவர்கள் அரசு, டிஸ்கவுன்ட் கொடுக்கச் சொன்னது நம் ஆட்களிடம்.

நியாயமா என்றால் இல்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சர்ட்டிஃபிகேட் செலவை ஓவர்ஹெட்டில் புதைக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். பையர் அந்த லைனை அடிக்கத்தான் செய்வார், ஆனால் எதை அடிக்கிறார் என்பது மெயிலில் பதிவாகும். ஐரோப்பாவில் சப்ளை செயின் பொறுப்புச் சட்டம் எப்போதாவது ஒழுங்காக அமலுக்கு வந்தால் (2024-ல் நிறைவேற்றினார்கள், 2025-லேயே தள்ளிப்போட்டார்கள்) அந்த மெயிலுக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

ஜீரோ டிஸ்சார்ஜ், சாயக்கழிவு ஒரு துளிகூட வெளியே போவதில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மழை பெய்தால் நொய்யலில் இன்னும் நுரை பொங்குகிறதே?

இந்தக் கேள்வி மட்டும் ஏழெட்டு வடிவத்தில் வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாக நூலில் ஏறாது. உப்பு போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கருப்பு, நேவி மாதிரி அடர் கலர் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் வரை போகும். பழைய வின்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு ஒரு பாத்துக்கே (ஒருமுறை நிரப்பும் சாயத் தண்ணீர்) 20 லிட்டர் பிடிக்கும், இப்போதைய சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 6 முதல் 8 லிட்டர். அலசல்கள் தனிக் கணக்கு. கலரைக் கழிவுநீரிலிருந்து எடுத்துவிடலாம், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி செய்துவிடலாம். கரைந்திருக்கும் உப்பு மட்டும் சாதாரண சுத்திகரிப்பில் போகாது. அந்த உப்புதான் ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த அணை, சில வருஷத்திலேயே சாயக்கழிவுத் தேக்கமாகி, அந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கோர்ட்டுக்குப் போகும்படி ஆனது. தண்ணீர் வேண்டும் என்று வழக்குப் போடுகிற மாநிலத்தில் வேண்டாம் என்று போட்ட வழக்கு அது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கில் 2006-ல் உயர் நீதிமன்றம் துளிக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அப்போதும் நடக்காமல் போகவே 2011 ஜனவரி கடைசியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை ஒரேயடியாக மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அப்புறம்தான் பணம் நகர்ந்தது. மாநில அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள்: விவசாயி வழக்கு, நீதிமன்ற உத்தரவு, கதவடைப்பு, அதற்குப் பிறகு அரசு காசு. பதினைந்து வருஷமாகத் துணி வாங்கிக்கொண்டிருந்த எந்த பிராண்டும் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

இப்போது என்ன நடக்கிறது? உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ., அதில் மிஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்க எவாப்பரேட்டர், கடைசியில் உப்பைப் பிரிக்க கிறிஸ்டலைசர். நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது, சோடியம் சல்பேட்டும் உப்புநீரும் திரும்பவும் சாயத்துக்குப் போகின்றன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது பெரிய சாதனை, கிண்டல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகோ நிலக்கரியோ. ஆற்றில் விட்டதில் ஒரு பங்கைப் புகைபோக்கி வழியாக விடுகிறோம். பிரிக்க முடியாத கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அதை என்ன செய்வது என்பதற்கு இன்னும் உருப்படியான பதில் இல்லை.

சரி, நுரைக்கு வருவோம். ஒரு காரணம் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சேரும் வீட்டுச் சாக்கடை, சோப்புத் தண்ணீர். இதில் சாயப்பட்டறைக்குச் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, மழை நாளில் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிடும் அனுமதியில்லாத பட்டறைகள். சுத்திகரிப்புச் செலவு கிலோவுக்கு இத்தனை என்று ஏறியதும் ஜாப் ஒர்க் ரேட்டில், அதாவது கூலிக்குச் சாயம் போடும் ரேட்டில் இடைவெளி விழுந்தது. சட்டப்படி நடத்துபவர் சொல்லும் ரேட்டைவிடக் குறைவாக ஒருவர் போட்டுக் கொடுக்கிறார் என்றால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் துணியை அனுப்புகிறார்கள். பவானி, பள்ளிபாளையம் பக்கம் போய்க் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.

இதில் டெல்லிக்கும் பங்கு உண்டு. நாடு முழுக்கச் சாயத்தொழிலுக்கு இதே விதியைக் கொண்டுவர 2015-ல் வரைவு வந்தது. 2016-ல் இறுதி விதி வந்தபோது அந்தக் கட்டாயம் தளர்ந்திருந்தது. ஒரு ஊர் மட்டும் முழுச் செலவையும் ஏற்று, அதே பையருக்காக வேறு ஊர்களோடும் வேறு நாடுகளோடும் விலையில் மோத வேண்டியிருக்கிறது. ஒழுங்காக இருப்பவருக்கு அபராதம் போடுகிற ஏற்பாடு இது.

ஐரோப்பாவின் கார்பன் வரி பனியனுக்கும் வருமா?

இப்போதைக்கு இல்லை. 2026 ஜனவரியில் முழுதாக அமலுக்கு வந்த அந்த ஏற்பாட்டில் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம்தான் இருக்கின்றன. துணிக்கு வேறு வழியில் வருகிறது: விற்காத உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிக்கத் தடை, பொருளோடு போகும் டிஜிட்டல் பாஸ்போர்ட், பழைய துணியைச் சேகரிக்கும் செலவை உற்பத்தியாளர் கட்டணமாகக் கட்டுவது. இந்தக் கட்டணம் அங்கே விற்கிற பிராண்டின் தலையில்தான் விழும். அதை எப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை) கழித்துக்கொள்ள முயற்சி நடக்கும், முதல் கேள்விக்குச் சொன்னதை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய துணியைக் கடையில் பெட்டி வைத்து வாங்குகிறார்களே, அது நிஜமாகவே மறுபடி துணி ஆகிறதா?

பெரும்பாலும் ஆவதில்லை. உங்கள் டீ-ஷர்ட்டில் காட்டன், பாலியஸ்டர், கொஞ்சம் எலாஸ்டேன், பிரிண்ட், லேபிள், தையல் நூல் எல்லாம் கலந்து கிடக்கிறது. பிரித்தெடுக்கும் கூலி, வரும் நாரின் விலையைவிட அதிகம். நல்லதாக இருந்தால் இன்னொரு நாட்டில் பழைய துணியாக விற்பார்கள், இல்லையென்றால் துடைக்கும் துணி.

ஆனால் நம்மூரில் வேறொரு மறுசுழற்சி சத்தமே இல்லாமல் பல வருஷமாக நடக்கிறது. பனியன் கம்பெனியில் கட்டிங் முடிந்ததும் விழும் வெட்டுத்துணி எடைக்குப் போகிறது. அதைத் தரை மேல் கொட்டி, பெரும்பாலும் பெண்கள் உட்கார்ந்து, கலர் கலராகப் பிரிப்பார்கள். சிவப்பு ஒரு குவியல், நேவி ஒரு குவியல், ரெண்டுங்கெட்டானாக இருப்பது தனி. பிரித்ததைக் கிழித்துப் பஞ்சாக்கி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லில் நூலாக்குகிறார்கள். கலரோடு வருவதால் திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை, மேலே சொன்ன உப்பு, எவாப்பரேட்டர், பாய்லர் எல்லாமே மிச்சம். பல்லடம், சோமனூர் விசைத்தறிகளிலும் கரூர், சென்னிமலைப் போர்வை, மிதியடிகளிலும் இந்த நூல் ஓடுகிறது. பழைய கம்பளித் துணிக்குப் பானிபட் எப்படியோ, வெட்டுத்துணிக்கு நம் பக்கம் அப்படி.

வட்டப் பொருளாதாரம் என்று கருத்தரங்கு போட்டுப் பேசுகிறவர்கள் இந்தப் பிரிக்கும் கொட்டகைக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே தூசிக்கு மாஸ்க் கிடையாது, பி.எஃப். கிடையாது. ரீசைக்கிள்டு என்று டேக் மாட்டி விற்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் காசில் எத்தனை பைசா இந்தக் கொட்டகைக்கு வருகிறது என்று யாரும் பேப்பர் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் அந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு நான் ஆதரவு.

பெட் பாட்டிலில் செய்த பனியன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாட்டில் திரும்பப் பாட்டிலாகவே ஆகலாம், பனியனானால் அதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி காற்றாலை வைத்திருப்பதால் எங்கள் கம்பெனி பசுமை கம்பெனி என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

காற்றிலிருந்து வரும் யூனிட் காற்றிலிருந்து வந்ததுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதற்காக வைத்தார் என்பதில்தான் சுவாரஸ்யம். காற்றாலையின் விலையில் 80 சதவீதத்தை முதல் வருஷமே தேய்மானமாகக் கழிக்க வருமான வரியில் இடம் இருந்தது. நல்ல லாபம் வந்த வருஷம் மார்ச்சுக்குள் ஒரு காத்தாடி நட்டால் வரி மிச்சம். எவ்வளவு யூனிட் ஓடியது என்பதற்கும் இந்தச் சலுகைக்கும் சம்பந்தமில்லை. 2012-ல் அதை எடுத்தார்கள், அடுத்த நிதியாண்டிலேயே நாட்டில் புதிதாக நிறுவியது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. 2014-ல் திரும்பக் கொடுத்து, 2017-ல் 40 ஆக்கினார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆடிட்டர் சொல்லி வைத்த காத்தாடியாக இருந்தாலும் சுற்றுகிறது. கொள்கை போடுகிறவர்கள் மனசாட்சியைவிட மார்ச் 31-ஐ நம்பினார்கள், அது வேலை செய்தது. இப்போதைய சண்டை பேங்கிங்கில் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில் எடுத்த மின்சாரத்தை மின்வாரியத்தில் கணக்கு வைத்து வருஷம் முழுக்கப் பயன்படுத்தலாமா என்பது. வாரியம் தனக்கு நஷ்டம் என்கிறது, அதிலும் நியாயம் உண்டு. முதலாளியிடம் அவர் காற்றாலையைப் பற்றிக் கேட்பதைவிட பாய்லரில் என்ன எரிகிறது என்று கேளுங்கள்.

மஞ்சப்பை நிஜமாகவே பிளாஸ்டிக் பையைவிட நல்லதா? டென்மார்க் ஆய்வு ஒன்று வேறு மாதிரி சொல்கிறதே?

2018-ல் டென்மார்க் சுற்றுச்சூழல் துறைக்காகச் செய்த ஆய்வு அது. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்க்கும்போது சாதாரணப் பருத்திப் பையை 52 தடவை பயன்படுத்தினால் சமன். எல்லா வகைப் பாதிப்பிலும் சமனாக வேண்டும் என்றால் 7,100. அந்தப் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டுதான் வாட்ஸப்பில் சுற்றுகிறார்கள். குப்பையாகத் தெருவில் கிடப்பதால் வரும் சேதத்தை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. அங்கே பை குப்பைத்தொட்டிக்குப் போகும், இங்கே சாக்கடைக்கும் மாட்டு வயிற்றுக்கும் போகும்.

நம் வீடுகளில் ஒரு மஞ்சப்பை கல்யாணத்தில் தேங்காயோடு வந்து, மளிகைக்குப் போய், கிழிந்து, கரித்துணியாகி முடியும். 52-ஐ எளிதில் தாண்டிவிடும். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் லோகோ அச்சடித்து ஆளுக்கொரு துணிப்பை கொடுக்கிறார்களே, அந்தப் பைகள் பீரோவில் அடுக்கிக் கிடக்கின்றனவே, அங்கேதான் டென்மார்க் கணக்கு சரியாகப் பொருந்தும்.

இன்னொன்று. 2019 ஜனவரியில் தடை வந்தபோது 14 வகைப் பொருள்களைப் பிடித்தார்கள், சோதனை போனது பூக்கடைக்கும் டிபன் கடைக்கும். கம்பெனிகளின் முதன்மைப் பேக்கிங்குக்கு (பொருளை அடைத்து வரும் பாக்கெட்) தொடக்கத்தில் விலக்கு இருந்தது. ஷாம்பு பாக்கெட் சரம் இன்றும் பெட்டிக்கடையில் தொங்குகிறது. தடையை எங்கே பிடிப்பது சுலபமோ அங்கே பிடித்தார்கள்.

டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் வாங்கித் திருப்பித் தருவது உருப்படியான திட்டமா, இல்லை இன்னொரு வசூலா?

உருப்படியான திட்டம். மேலே சொன்ன எல்லாவற்றிலும் இதுதான் எனக்குப் பிடித்தது. உடைந்த பாட்டில் யானைகளின் காலைக் குத்துகிறது என்ற விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2022-ல் நீலகிரியில் தொடங்கினார்கள், பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. விழிப்புணர்வுப் பேரணி எதுவும் தேவைப்படவில்லை. குடித்தவர் தூக்கி எறிந்தாலும் பத்து ரூபாய்க்காக வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வருவார்.

சிக்கல் கடைக்குள் இருக்கிறது. காலி பாட்டிலில் ஸ்டிக்கர் பார்ப்பது, எண்ணுவது, அடுக்குவது, காசு கொடுப்பது எல்லாம் ஏற்கெனவே ஆள் குறைவாக இருக்கும் விற்பனையாளர் தலையில் விழுந்தது, வைக்க இடமும் இல்லை. ஊழியர் சங்கங்கள் எதிர்த்ததற்கு அதுதான் காரணம், அதைச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லாதவர்கள் என்று படித்தவர்கள் திட்டியது அபத்தம். திருப்பித் தராத பாட்டிலின் பத்து ரூபாய் யாரிடமாவது தங்கத்தான் செய்கிறது. அதிலிருந்து கடைக்கு ஒரு ஆளைப் போடுங்கள், பின்பக்கம் ஒரு ஷெட் போடுங்கள். அதைச் செய்யாமல் குடிதண்ணீர் பாட்டிலுக்கும் கூல்டிரிங்க்ஸுக்கும் இதை நீட்டினால் பெட்டிக்கடைக்காரரிடமும் இதே தகராறுதான் வரும், அவருக்குச் சங்கம்கூடப் பெரிதாக இல்லை.