வழக்குத்தொடுநர் யாருடைய ஆள்? – சர்வதேசக் குற்ற வழக்குகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பாதிக்கப்பட்டவர்களுக்காகத்தானே ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்குத்தொடுநர் வாதாடுகிறார்? பிறகு அவர்களுக்குத் தனி வக்கீல் எதற்கு?

பதில்: அவர் உங்கள் வக்கீல் இல்லை. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான சான்றுகளையும் அதே அக்கறையோடு தேட வேண்டும் என்கிறது, இந்த நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தமான ரோம் சாசனத்தின் 54ஆவது பிரிவு. உங்கள் வாக்குமூலத்திலேயே அப்படி ஒரு வரி இருந்தால், அதை எதிர்த்தரப்பிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க்கிலும், பிறகு யுகோஸ்லாவியா, ருவாண்டா குற்றங்களை விசாரித்த சர்வதேச நீதிமன்றங்களிலும் பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. சாட்சி சொன்னதும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தன் வக்கீல் வழியாகப் பேசும் உரிமையை ரோம் சாசனத்தின் 68(3) தந்தது.

கேள்வி: வழக்குத்தொடுநரும் பாதிக்கப்பட்டவர்களும் நேருக்கு நேர் மோதியது உண்டா ஐயா?

பதில்: நன்றாகவே உண்டு. காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா வழக்கு, இந்த நீதிமன்றத்தின் முதல் விசாரணை. சிறார்களைப் படையில் சேர்த்துப் போரில் பயன்படுத்தினார் என்பது மட்டுமே குற்றச்சாட்டு. முகாம்களில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சாட்சிகள் கூண்டில் நின்று சொன்னார்கள்; குற்றப்பத்திரிகையில் அது இல்லை. 2009இல் பாதிக்கப்பட்டவர்களின் வக்கீல்கள் அதையும் கணக்கில் எடுக்கச் சொல்ல, நீதிபதிகளில் பெரும்பான்மையோர் இசைந்தார்கள். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தவர்கள் யார் தெரியுமா? லுபாங்கா தரப்பும், கூடவே வழக்குத்தொடுநரும்! அந்த ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2012இல் லுபாங்காவுக்கு 14 ஆண்டு சிறை, சிறார் படை விவகாரத்துக்கு மட்டும். சட்டப்படி அந்த முடிவு சரிதான் என்பேன். விசாரணை நடுவில் புதுக் குற்றம் முளைத்தால் எதிரி எப்படித் தற்காத்துக்கொள்வார்? ஆனால் ஆரம்பத்திலேயே அதைச் சேர்க்காமல் விட்ட பழி வழக்குத்தொடுநருடையது.

கேள்வி: புலனாய்வே வேண்டாம் என்று விட்டுவிட்டால் நாங்கள் அப்பீல் போகலாமா?

பதில்: கதவு மிகக் குறுகல். ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து வந்த 699 மனுக்களில் 680 புலனாய்வு வேண்டும் என்றன. ஆனாலும் வழக்குத்தொடுநர் கேட்ட அனுமதியை 2019 ஏப்ரலில் நீதிபதிகள் மறுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களும் வழக்குத்தொடுநரும் தனித்தனியே மேல்முறையீடு செய்ததில், முன்னவர்களுடையது ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளப்பட்டது. பின்னவருடையது 2020 மார்ச்சில் வென்றது. சரி, விடிந்தது என்று பார்த்தால், 2021 செப்டம்பரில் புதிய வழக்குத்தொடுநர் கரீம் கான் தாலிபான், ஐ.எஸ். குற்றங்களில்தான் கவனம், அமெரிக்கப் படையினர் மீதான புகார்களுக்கு முன்னுரிமை இல்லை என்றார். எதை முதலில் எடுப்பது என்பது வழக்குத்தொடுநர் கையில்.

கேள்வி: பல அமைப்புகள் வந்து வாக்குமூலம் கேட்கின்றன. எல்லோரிடமும் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். ஒருவரிடம் மழைக்காலம் என்றும் இன்னொருவரிடம் அறுவடை முடிந்து என்றும் சொல்லியிருப்பீர்கள். குறுக்கு விசாரணையில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பொய் என்பார்கள். கேட்பவர் யார், தாள் எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள். வழக்கில் பங்கேற்பதற்கான படிவம் நீதிமன்றப் பதிவகத்துக்குப் போக வேண்டியது, வழக்குத்தொடுநருக்கு அல்ல.

கேள்வி: எதிரி விடுதலையானால் இழப்பீடு?

பதில்: கிடையாது. 2018இல் காங்கோவின் முன்னாள் துணை அதிபர் பெம்பா விடுதலையானபோது, பங்கேற்ற 5,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீட்டு உத்தரவு இல்லாமல் போனது. பாதிக்கப்பட்டோர் அறக்கட்டளை நிதி தனியாக உதவலாம், அது உரிமையாகாது. தண்டனை கிடைத்தாலும் பணம் உடனே வராது. உகாண்டா கிளர்ச்சிப் படைத் தளபதி ஒங்வென் வழக்கில் 2024இல் ஆளுக்கு 750 யூரோ என்று உத்தரவானது. அவரிடம் காசில்லாததால் அந்த நிதியம்தான் திரட்ட வேண்டியிருக்கிறது.