ஊரில் தொழிலே மந்தம். நகராட்சிக்குப் புது பஸ் ஸ்டாண்ட் கட்ட மட்டும் எப்படிப் பணம் வருகிறது?

அது வேறு கணக்கு. கட்டடப் பணம் பெரும்பாலும் அரசுத் திட்ட மானியம், கொஞ்சம் கடன். அதை எடுத்துச் சம்பளத்துக்கோ தெருவிளக்குக்கோ போட முடியாது.

அன்றாடச் செலவுக்குச் சொத்து வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை, மாநில நிதிக்குழு மானியம் (மாநில அரசு தன் வரி வருவாயில் தரும் பங்கு). சிக்கல் இங்கேதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% இறக்குமதி வரி போட்டதும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்த அடியை நினைத்துப் பாருங்கள். தறியோ தையல் மிஷினோ நின்றாலும் குடோனுக்குப் போட்ட சொத்து வரி குறையாது, பரப்பளவை வைத்துப் போடுவதாயிற்றே. ஆனால் அந்த வரியைக் கட்டுவது தள்ளிப்போகும். மார்க்கெட் கடை வாடகையும் பாக்கி விழும். தொழில் வரி, ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு. அதை நம்பிப் பயனில்லை.

அப்புறம் சாக்கடை தூர்வாருவது தள்ளிப்போகும், ஒப்பந்ததாரர் பில் தூங்கும். புது பஸ் ஸ்டாண்டின் கரண்ட் பில்லும் இந்தக் கணக்கில்தான் வந்து விழும். கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.