டென்வர் விமான நிலையமும் நகரத்தின் எதிர்காலத் திட்டமும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வர் சர்வதேச விமான நிலையம் டென்வர் நகரத்துக்கே சொந்தமானது. 2024-ஆம் ஆண்டில் 8 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் அதைப் பயன்படுத்தினார்கள். ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் வரப்போகும் நாளுக்காக அந்நகரம் இப்போதே ஆயத்தமாகி வருகிறது. அதையொட்டி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, விமான நிலையத் திட்டமிடல் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி (சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்): விமான நிலையம் நகரத்துக்குச் சொந்தம் என்றால் என்ன பொருள், ஐயா? மாநகராட்சியே நடத்துமா? அந்த வருமானத்தில் நகரத்துக்குச் சாலை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: சென்னை விமான நிலையம் மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பில் இருப்பதால், இந்த ஏற்பாடு நமக்குப் புதிதாகத் தோன்றுவது இயல்பே. அமெரிக்காவில் வான்வெளியும் பாதுகாப்பு விதிகளும் மத்திய அரசின் கையில் இருக்க, நிலம், ஓடுபாதை, முனையம் ஆகியவை பெரும்பாலும் உள்ளூர் அமைப்புகளுக்கே சொந்தம். அட்லாண்டா, சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், பீனிக்ஸ், டென்வர் ஆகிய நகரங்களின் பெரிய விமான நிலையங்களுக்கு அந்தந்த நகரமே உரிமையாளர். டென்வரில் விமான நிலையத்தின் தலைமை அதிகாரியை மேயர் நியமிக்கிறார். பெரிய ஒப்பந்தங்கள் நகர மன்றத்தின் ஒப்புதலுக்குச் செல்கின்றன.

சாலை போட முடியாது என்பதே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை. மத்திய அரசின் நிதியுதவி பெற்ற விமான நிலையத்தின் வருமானம் விமான நிலையத்துக்கே செலவிடப்பட வேண்டும் என்பது 1982 முதல் சட்டம். பழைய ஏற்பாடுகள் சிலவற்றுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆகவே டென்வரில் விமான நிலையத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, நகர மக்களின் வரிப்பணமும் அதற்குள் போவதில்லை. விமானங்கள் இறங்குவதற்கான கட்டணம், விமான நிறுவனங்கள் தரும் வாடகை, வாகன நிறுத்துமிடம், கடைகள், பயணச்சீட்டோடு சேர்த்து வாங்கப்படும் பயணிக் கட்டணம் ஆகியவைதான் வருவாய். இவற்றை நம்பியே கடன் பத்திரங்கள் வெளியிட்டுக் கட்டடங்களைக் கட்டுகிறார்கள். பயணிக் கட்டணத்தின் உச்சவரம்பு 2000-ஆம் ஆண்டில் நாலரை டாலராக நிர்ணயிக்கப்பட்டது. கட்டுமானச் செலவு எவ்வளவோ ஏறிவிட்ட பிறகும் அந்த வரம்பு உயரவில்லை என்பதால், நகரங்கள் மேலும் மேலும் கடனையே நாட வேண்டியிருக்கிறது.

கேள்வி (புள்ளியியல் படிக்கும் மாணவி): இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எத்தனை பேர் பறப்பார்கள் என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்? அந்தக் கணிப்பு பலிக்கிறதா?

பதில்: எல்லோரும் மாஸ்டர் பிளான் என்று சொல்லும் முழுமைத் திட்டத்தின் அடித்தளமே இந்தக் கணிப்புதான். அந்த வட்டாரத்தின் மக்கள்தொகை, வேலைவாய்ப்பு, வருமானம், கடந்த காலப் போக்குவரத்து ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டு, மத்திய அரசின் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சொந்தக் கணிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் வேறுபாடு 10 சதவீதத்துக்குள்ளும், பத்து ஆண்டுகளில் 15 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் பொதுவாக அதை ஏற்றுக்கொள்வார்கள்.

பலிக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு நகரங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். செயின்ட் லூயிஸ் நகரத்துக்குச் சொந்தமான லாம்பர்ட் விமான நிலையத்தை 2000-ஆம் ஆண்டில் சுமார் 3 கோடிப் பயணிகள் பயன்படுத்தினார்கள். டி.டபிள்யூ.ஏ. என்ற விமான நிறுவனம் அதைத் தன் பயணிகள் விமானம் மாறிச் செல்லும் மையமாக வைத்திருந்தது. நெரிசல் பெருகும் என்று கணித்து, நூறு கோடி டாலருக்கும் அதிகமான செலவில் புதிய ஓடுபாதை ஒன்றைத் திட்டமிட்டார்கள். அதற்காகப் பக்கத்து ஊரான பிரிட்ஜ்டனில் சுமார் 2,000 வீடுகளை வாங்கி இடித்தார்கள். அவ்வூர் நீதிமன்றம் வரை சென்றும் தடுக்க முடியவில்லை. 2001-இல் டி.டபிள்யூ.ஏ.வை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. 2003-இல் அங்கிருந்து புறப்பட்ட தன் சேவைகளைப் பாதிக்கும் மேல் குறைத்தது. 2006-இல் ஓடுபாதை திறக்கப்பட்டபோது, அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் போக்குவரத்து அங்கே இல்லை.

டென்வருக்கும் இதே கதி நேர்ந்திருக்கலாம். பழைய நிலையத்துக்குப் பதிலாக 1995-இல் புதிய நிலையம் திறப்பதற்கு முந்தைய ஆண்டிலேயே கான்டினென்டல் நிறுவனம் தன் டென்வர் மையத்தை மூடிவிட்டது. அவ்வளவு பெரிய நிலையம் தேவையா என்று அன்று கேட்டவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் மற்ற விமான நிறுவனங்களில் யுனைடெட் தங்கியது, ஃபிரான்டியர் வளர்ந்தது, சவுத்வெஸ்ட் 2006-இல் திரும்பி வந்தது, வட்டாரத்தின் மக்கள்தொகையும் பெருகியது. ஆண்டுக்கு 5 கோடிப் பேருக்கென வடிவமைத்த நிலையத்தில் இன்று 8 கோடிக்கும் மேற்பட்டோர் நடமாடுகிறார்கள். அதாவது ஓரிடத்தில் கணிப்பு மேலே தவறியது, மற்றோரிடத்தில் கீழே தவறியது. ஒரே ஒரு விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் எடுக்கப்படும் முடிவு இருபது ஆண்டுக் கணக்கை ஓர் இரவில் புரட்டிப் போட்டுவிடும் என்பதால், கணிப்பைத் துல்லியமாக்குவதில் காட்டும் உழைப்பைவிட, கணிப்பு தவறினாலும் தாங்கக்கூடிய திட்டத்தை வகுப்பதில் கூடுதல் உழைப்பைச் செலுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (நகரமைப்புத் துறையில் பணிபுரியும் உறுப்பினர்): தவறினாலும் தாங்கும் திட்டம் எப்படி இருக்கும்?

பதில்: இரண்டு கூறுகள் வேண்டும். நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது ஒன்று. கட்டுமானத்தை ஆண்டுக் கணக்கோடு பிணைக்காமல் பயணிகளின் எண்ணிக்கையோடு பிணைப்பது மற்றொன்று.

நிலத்தைப் பொறுத்தவரை டென்வர் செய்தது துணிவான காரியம். 1929-இல் திறக்கப்பட்ட அதன் பழைய ஸ்டேப்பிள்டன் விமான நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் சூழ்ந்துவிட்டன. இணை ஓடுபாதைகள் மிக நெருக்கமாக இருந்ததால், வானிலை கெட்டால் இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானங்களை இறக்க முடியாது. டென்வரில் அடிக்கும் பனிப்புயலால் நாடு முழுவதும் விமானங்கள் தாமதமாகும். விரிவாக்க வேறு இடம் இல்லாத நிலையில், ஃபெடெரிகோ பேன்யா மேயராக இருந்த காலத்தில், பக்கத்து ஆடம்ஸ் கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) புல்வெளி நிலத்தை நகரத்தோடு இணைக்கப் பேச்சு நடத்தினார்கள். 1988-இல் ஆடம்ஸ் கவுன்ட்டி வாக்காளர்களும், 1989-இல் டென்வர் வாக்காளர்களும் அதற்கு இசைவு தெரிவித்தார்கள். கிடைத்த நிலம் சுமார் 137 சதுர கிலோமீட்டர். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஐந்து ஓடுபாதைகளோடு தொடங்கி, 2003-இல் 16,000 அடி நீளமுள்ள ஆறாவதைச் சேர்த்தார்கள். மொத்தம் பன்னிரண்டுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆறாவது ஓடுபாதைக்காகவோ 2022-இல் முடிந்த 39 புதிய வாயில்களுக்காகவோ ஒரு குடும்பத்தைக்கூட வீட்டைவிட்டு எழுப்ப நேரவில்லை. சிகாகோவில் ஓ'ஹேர் விமான நிலைய விரிவாக்கத்துக்கு வீடுகளை இடித்தது மட்டுமல்லாமல், ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தையே தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். இந்த வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் நிலத்தை முன்னரே ஒதுக்கியவர்கள்மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

பெரிய நிலம் இருந்தால்தான் வளர முடியும் என்றும் எண்ண வேண்டாம். அட்லாண்டா சுமார் 19 சதுர கிலோமீட்டரில் ஐந்து இணை ஓடுபாதைகளை வைத்துக்கொண்டு 2024-இல் 10 கோடியே 80 லட்சம் பயணிகளைக் கையாண்டது.

இரண்டாவது கூறு எளிது. "2035-இல் புதிய முனையம்" என்று எழுதாமல், "பயணிகள் இத்தனை கோடியை எட்டும்போது" என்று எழுதுவது. ஓடுபாதைகளின் கொள்ளளவில் 60 சதவீதத்தை எட்டும்போதே அடுத்ததைத் திட்டமிடத் தொடங்க வேண்டும் என்பது மத்திய நிர்வாகத்தின் வழிகாட்டுதல். சுற்றுச்சூழல் ஆய்வு, நிதி, வழக்கு, கட்டுமானம் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஓடுபாதைக்குப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்பதால் அது மிகையான எச்சரிக்கை அன்று.

கேள்வி (டென்வருக்கு அருகே அரோராவில் வசிக்கும் உறுப்பினர்): எங்கள் பகுதியில் விமான இரைச்சல் பற்றிய வழக்கு நடந்ததே, அதன் பின்னணி என்ன?

பதில்: நிலத்தைத் தந்தபோது ஆடம்ஸ் கவுன்ட்டி சும்மா தரவில்லை. 1988 ஒப்பந்தத்திலேயே, குறிப்பிட்ட இடங்களில் இரைச்சல் இந்த அளவைத் தாண்டக்கூடாது என்று எழுதி, திருத்தப்படாத மீறல் ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் டாலர் என்று இழப்பீட்டையும் குறித்துக்கொண்டது. இரைச்சலைக் கருவி வைத்து அளக்க வேண்டிய இடத்தில் டென்வர் கணினி மாதிரியைக் கொண்டு கணக்கிட்டது என்பது அண்டை ஊர்களின் குற்றச்சாட்டு. 2020-இல் விசாரணை நீதிமன்றம் 67 மீறல்களுக்காக 3 கோடியே 35 லட்சம் டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது; ஆனால் பின்னர் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை.

என் அனுபவத்தில் பல திட்டக் குழுக்கள் இரைச்சலைத் திட்டத்தின் பின்னிணைப்பாகவே பார்க்கின்றன. அது பிழை. டென்வரின் நிலம் ஒரு வாக்குறுதிக்கு மாற்றாகக் கிடைத்தது. வாக்குறுதியைக் காக்காத நகரத்துக்கு அடுத்த முறை அண்டை ஊர் எதற்காக இசைய வேண்டும்? விமான நிலைய நிலத்தில் வணிக வளர்ச்சிக்கு 1,500 ஏக்கரைத் திறக்க 2015-இல் டென்வர் விரும்பியபோதும் ஆடம்ஸ் கவுன்ட்டியின் இசைவும் இரு பக்க வாக்காளர்களின் ஒப்புதலும் தேவைப்பட்டன. ஒரு கோடி டாலரும், வரி வருவாயில் பங்கும் தர ஒப்புக்கொண்ட பிறகே அது நடந்தது.

கேள்வி (கட்டுமானப் பொறியாளர்): டென்வர் என்றாலே பயணிகளின் பெட்டிகளைக் கையாளும் தானியங்கி அமைப்பின் தோல்விதான் எங்கள் பாடப்புத்தகத்தில் வரும். திட்டமிடுபவர் பார்வையில் அது என்ன பாடம்?

பதில்: கட்டடங்களின் வடிவமைப்பு முடிந்து கட்டுமானமும் தொடங்கிய பிறகு, நிலையம் முழுவதற்குமான தானியங்கி அமைப்பைச் சேர்க்க முடிவெடுத்தார்கள். வண்டிகள் குறுகிய சுரங்கங்களுக்குள் கூர்மையாகத் திரும்ப வேண்டியிருந்தது. சோதிக்கப் போதிய காலம் இல்லை. 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய நிலையம் 1995 பிப்ரவரி 28-இல்தான் திறந்தது; தாமதமான ஒவ்வொரு நாளும் சுமார் 10 லட்சம் டாலர் செலவு. கடைசியில் 2005-இல் அந்த அமைப்பையே கைவிட்டார்கள்.

ஆனால் இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. விமானத்தில் ஏறும் வாயில்கள் ஏ, பி, சி என்ற மூன்று தனிக் கட்டடங்களில் (கான்கோர்ஸ்) இருக்கின்றன. முனையத்திலிருந்து ஏ கான்கோர்ஸுக்கு நடைபாலம் உண்டு. பி, சி ஆகியவற்றுக்குச் செல்ல நிலத்தடி ரயில் ஒன்றே வழி. அந்த ரயில் நின்றால் விமான நிலையத்தின் பெரும்பகுதி நின்றுவிடும். பெட்டி அமைப்பைக் கழற்றி எறிய முடிந்தது, சுரங்கத்தை அகலப்படுத்துவது அவ்வளவு எளிதன்று. நிலத்தில் இவ்வளவு தொலைநோக்கு காட்டியவர்கள், ஒரே வழியை நம்பியிருக்கும் அமைப்பை ஏற்றது வருத்தத்துக்குரியது. 10 கோடிப் பயணிகளைப் பற்றிப் பேசும்போது ஓடுபாதையைவிட இந்த ரயிலே முதலில் திணறும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: தனியாரிடம் குத்தகைக்கு விட்டால் வேலை விரைவாக நடக்காதா?

பதில்: சிகாகோ தன் மிட்வே விமான நிலையத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட முயன்று, நிதி நெருக்கடியால் 2009-இல் அது முறிந்தது. செயின்ட் லூயிஸ் 2019 டிசம்பரில் அந்த எண்ணத்தையே கைவிட்டது. டென்வர் முழு நிலையத்தையும் அன்றி, முனையத்தின் பெரிய கூடத்தைப் புதுப்பிப்பதை மட்டும் 2017-இல் நீண்டகாலத் தனியார் கூட்டு ஒப்பந்தமாகச் செய்தது; காங்கிரீட்டின் வலிமை, செலவு, கால அளவு ஆகியவை பற்றிய சச்சரவுகளுக்குப் பின் 2019-இல் அதை ரத்து செய்தது. தனியார் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் முனையத்துக்குள் வேலை செய்யும்போது, முடிவெடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில் இருப்பது நல்லது.

கேள்வி: நகரமே உரிமையாளர் என்றால், வேண்டாம் என்று மூடிவிடவும் முடியுமா?

பதில்: மத்திய நிதியுதவி பெற்றிருந்தால் எளிதாக முடியாது, உதவியோடு கடமைகளும் வருகின்றன. 2003 மார்ச்சில் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி, ஏரிக்கரையில் இருந்த மீக்ஸ் ஃபீல்டு ஓடுபாதையை நள்ளிரவில் இயந்திரங்களை அனுப்பிக் கிழிக்கச் செய்தார். நகரம் பின்னர் அபராதமும் கட்டியது. அதற்கு நேர்மாறாக, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் பல்லாண்டு வழக்காடி, 2028 இறுதிக்குப் பின் தன் விமான நிலையத்தை மூடலாம் என்ற இசைவை 2017-இல் பெற்றது. காலம் எடுத்தாலும் இரண்டாவது வழியே சரி.

கேள்வி (விமான நிலையம் விரிவாகும் ஓர் அமெரிக்க நகரத்தில் வசிக்கும் உறுப்பினர்): எங்கள் நகரத்தில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். பொறியியல் தெரியாத நான் அங்கே என்ன கேட்பது?

பதில்: அழகான முனையப் படங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம். போக்குவரத்து பாதியாகக் குறைந்தால் கடன் பத்திரங்களை யார் அடைப்பார்கள், கட்டுமானம் எந்தப் பயணி எண்ணிக்கையில் தொடங்கும், எந்த எண்ணிக்கையில் ஒத்திவைக்கப்படும், இரைச்சலைக் கருவியால் அளந்து வெளியிடுவார்களா என்று கேளுங்கள். ஒரு வீட்டையாவது இடிக்க வேண்டுமென்றால், இடிக்காமல் செய்யும் மாற்றுவழியை ஏன் தள்ளினார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓடுபாதையைத் தள்ளிப்போடலாம், பிரிட்ஜ்டனில் இடித்த வீடுகளை இனிக் கட்டி எழுப்ப முடியாது.

அதோடு, மத்திய நிர்வாகத்திடம் தாக்கல் செய்யும் நிலைய அமைப்பு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது இருப்பவை அதில் முழுக் கோடாகவும், வரப்போகிறவை விட்டு விட்டு வரையப்பட்ட கோடாகவும் இருக்கும். உங்கள் தெருவின்மேல் அப்படி விட்டு விட்டு ஒரு கோடு போகிறதா என்று முதலில் பாருங்கள்.