மகள் வரையும் 'பெரியவர்களுக்கான' ரசிகர் ஓவியம்: பெற்றோர் எதைக் கேட்க வேண்டும்?

உங்கள் மகளுக்கு 19 வயது. அனிமே, வீடியோ கேம் கேரக்டர்களை வைத்து பெரியவர்களுக்கான, அதாவது பாலியல் தன்மையுள்ள, படங்களும் வரைகிறாள் என்று தெரிந்ததும் டேப்லெட்டைப் பிடுங்கி வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு பெயரில் வரைவாள், உங்களோடு பேசுவதுதான் நின்றுபோகும். ஓவியக் கல்லூரிகளில் நிர்வாண மாடலைப் பார்த்து வரையும் வகுப்பு காலங்காலமாக உண்டு. அதனால் 'இது அசிங்கமா இல்லையா' என்ற சண்டை எங்கும் போய்ச் சேராது. படத்தில் இருப்பது யார், அந்தக் கேரக்டர் யாருக்குச் சொந்தம், படம் யார் கண்ணில் படுகிறது என்று கேளுங்கள்.

முதல் கேள்வியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கதையில் பள்ளிப் பிள்ளையாக வரும் கேரக்டரையோ, பார்த்தால் குழந்தையாகத் தெரியும் உருவத்தையோ பாலியல் நோக்கில் வரையவே கூடாது. 'கதைப்படி அவளுக்கு ஆயிரம் வயது', 'வெறும் கோடுதானே' என்று ரசிகர் வட்டங்களில் சமாதானம் சொல்வார்கள். ஏற்காதீர்கள். பிரிட்டனில் 2009-இல் இயற்றிய சட்டம், கையால் வரைந்த இத்தகைய படத்தை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. சட்டம் எதுவும் சொல்லாத இடத்திலும் என் பதில் இதுதான். நிஜ மனிதர்கள் விஷயமும் அப்படியே. திரையில் ஒரு நடிகை ஏற்ற வேடத்தை வரையும்போது, பெயர் கேரக்டருடையது, ஆனால் முகம் அந்த நடிகையுடையது. இந்தப் படத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை. இன்னொன்று, சில கேம்களில் கேரக்டராக வரும் தெய்வங்களை இன்றும் கும்பிடுகிற மக்கள் இருக்கிறார்கள். சட்டம் தடுக்காவிட்டாலும் அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று அவள் யோசிக்கட்டும்.

அடுத்து, உரிமை. ஒரு படைப்பைத் தழுவி இன்னொன்றை உருவாக்கும் உரிமை பொதுவாக அதைப் படைத்தவருக்கே உண்டு. ஜப்பானில் 1975 முதல் நடக்கும் காமிக்கெட் என்ற காமிக்ஸ் சந்தையில் ரசிகர்கள் தாங்கள் வரைந்த இதழ்களை விற்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் கண்டும் காணாமல் இருந்துவிடுகின்றன. அது அனுமதி ஆகாது. காசு வாங்கிக்கொண்டு பிறர் கேட்கும் படத்தை ('கமிஷன்') வரையத் தொடங்கினால் ஆபத்து கூடும். ரசிகர் படைப்புக்கென்றே விதிமுறை வெளியிட்டிருக்கும் நிறுவனங்களும் உண்டு, ஆபாசப் படம் கூடாது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். வரையும் முன்பே அதைப் படித்துவிடச் சொல்லுங்கள்.

பிக்ஸிவ் போன்ற ஓவியப் பகிர்வுத் தளங்களில் 'ஆர்-18' (18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்) என்று குறிக்க வழி இருக்கிறது. அந்தக் குறியை ஒருமுறைகூட மறக்கக் கூடாது, சிறுவர்களும் அங்கே உலவுகிறார்கள். இந்த வகைப் படத்தை மட்டும் நம்பிப் பிழைப்பதும் சிரமம். டம்ளர் (Tumblr) என்ற சமூக வலைத்தளம் 2018 டிசம்பரில் பெரியவர்களுக்கான படங்களுக்குத் தடை போட்டபோது, பல ஓவியர்கள் வருடக்கணக்கில் சேர்த்த வாசகர்களை இழந்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கேம், அனிமேஷன் ஸ்டுடியோக்கள் போர்ட்ஃபோலியோவில் (வேலைக்கு அனுப்பும் ஓவியத் தொகுப்பில்) பார்ப்பது உடற்கூறு, துணி மடிப்பு, ஒளி, ஒரே கேரக்டரை முன்னும் பக்கமும் பின்னும் மாறாமல் வரையும் திறன். குறிப்பாகக் கை விரல்களைப் பார்ப்பார்கள், தடுமாற்றம் அங்கேதான் சட்டென்று தெரியும். இதெல்லாம் அவளுக்கு ரசிகர் ஓவியத்திலேயே ஓரளவு கைவந்திருக்கும். ஆனால் பொதுவான வேலைக்கு அனுப்பும் தொகுப்பில் பெரியவர்களுக்கான படம் வேண்டாம். அதற்குத் தனிக் கணக்கு, தனிப் பெயர் வைத்துக்கொள்ளலாம். என்றாவது அந்தப் பெயர் வெளியே தெரிந்தாலும் 'ஆமாம், என்னுடையதுதான்' என்று சொல்லக்கூடிய படங்களை மட்டுமே அங்கே போடட்டும்.

அவள் ஒரு நாள் என்னைப் பார்க்க வரட்டும். வரும்போது அவளுக்குப் பிடித்த ரசிகர் ஓவியம் ஒன்றை எடுத்து, அதே நிலையும் ஒளியும் வைத்து, தானே உருவாக்கிய ஒரு கேரக்டரை வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் ஸ்கெட்ச்சும் கூடவே இருக்கட்டும்.